சத்தத்துக்குப் பயந்தோம், புகையை விட்டுவிட்டோம்

திருத்தங்கலில் நான் வளர்ந்த தெருவில் ஆண்டு முழுக்கத் தீபாவளி வேலைதான். ஐப்பசியில் பண்டிகை முடிந்ததும் ஆலைகளுக்குச் சில வாரம் விடுமுறை விடுவார்கள். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டால் அடுத்த தீபாவளிக்கான வேலை தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கன்று கடைகளில் இன்னொரு பூஜை, அன்றிலிருந்து சில்லறை விற்பனை. மற்ற ஊர்களில் ஒரு நாளில் கொளுத்தி முடிப்பதை எங்கள் ஊர் பத்து மாதம் குனிந்து உட்கார்ந்து செய்யும்.

பட்டாசு ஆலையை நாங்கள் பயர் ஆபீஸ் என்போம். தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். காலையில் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிப் போவார்கள். அம்மா கம்பி மத்தாப்புப் பிரிவில் இருந்தார். சட்டத்தில் கம்பிகளை வரிசையாக அடுக்கிக் கொடுப்பது அவர் வேலை. ஆண்கள் அந்தச் சட்டத்தைக் குழைத்த மருந்தில் முக்கி வெயிலில் காயவைப்பார்கள். மருந்து என்பது பேரியம் நைட்ரேட், அலுமினியப் பொடி, இரும்புத் தூள், பசை. சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது முழங்கை வரை வெள்ளியாக மின்னும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள்கள் அங்கே அச்சாகும். இரண்டு பேர் சம்பளமும், ஐப்பசியில் வரும் போனசும் தீபாவளியை நம்பித்தான்.

எனக்கு இழுப்பு. ஆஸ்துமா என்ற பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஐந்தாறு வயதில் தொடங்கியது என்று அம்மா சொல்வார்.

இழுப்பு வந்த இரவுகளில் படுக்க முடியாது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்காரவைப்பார்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பாடு. நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம் வரும். அம்மாச்சி கற்பூரவள்ளியைச் சாறு பிழிந்து கொடுப்பார், தூதுவளை ரசம் வைப்பார், சித்தரத்தையைத் தட்டிக் கஷாயம் போடுவார். அதற்கும் அடங்காவிட்டால் விடியும்வரை காத்திருந்து டாக்டரிடம் தூக்கிப் போய் டெரிபிலின் ஊசி. ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆனால் மூச்சு இறங்கும். ஹைதராபாத்தில் மிருகசீரிட நாளன்று உயிர் மீனுக்குள் மருந்து வைத்து விழுங்கக் கொடுப்பார்களே, அங்கே கூட்டிப் போகலாமா என்றுகூட வீட்டில் பேச்சு நடந்தது. ரயில் செலவை நினைத்து விட்டுவிட்டார்கள்.

ஏன் வருகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் பல காரணங்கள் இருந்தன. ஐப்பசி ஊதக்காற்று, கார்த்திகைப் பனி, கிணற்றுத் தண்ணீரில் தலை முழுகியது, வாழைப்பழம், தயிர், அப்பாவின் பெரியப்பாவுக்கு இருந்த சீக்கு. அவற்றில் ஒன்றிரண்டு உண்மையும்கூட. பரம்பரை உண்டு, குளிர்காற்றும் மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் புகை கிடையாது. கரிமூட்டப் புகை, விறகடுப்புப் புகை, பயர் ஆபீஸ்களின் பின்புறம் கழிவு மருந்தைக் கொட்டிக் கொளுத்தும்போது எழும் வெள்ளைப் புகை, தீபாவளிப் புகை என எங்களைச் சுற்றி நாலு திசையிலும் புகைதான். சோறு போடுவதைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

அவர்கள் மனதைப் புரிந்துகொள்ள இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. எந்த வறட்சி விவசாயத்தைக் கெடுத்ததோ அந்த வறட்சிதான் மருந்து காய்வதற்கு வசதியானது. இன்று நாட்டின் பட்டாசில் 90 சதவீதம் அளவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் வேன் போகிறது.

தீபாவளியன்று நாலு மணிக்கே எழுப்பி எண்ணெய் தேய்த்துவிடுவார் அம்மாச்சி. வெந்நீர் ஊற்றி, புதுத்துணி போட்டு வாசலுக்கு வந்தால் தெருவே தெரியாது. ஐப்பசி விடியற்காலையில் காற்று அசையாது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதை மூடிக்கொள்ளும். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை புகை போக வழி கிடையாது. இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள குறுகிய தெருவில் அது மனிதர்களின் மூக்கு உயரத்திலேயே நிற்கும். மழை பெய்த தீபாவளிகளில் பிள்ளைகள் எல்லாம் அழுவார்கள். எனக்கு மட்டும் அன்று நிம்மதியாக மூச்சு வரும். மழை புகையைக் கழுவிக் கீழே இறக்கிவிடும் என்பது அப்போது தெரியாது.

இழுப்புப் பிள்ளை என்று எனக்கு அணுகுண்டு கிடையாது, சரவெடி கிடையாது, லட்சுமி வெடியும் கிடையாது. அவற்றை அண்ணன்கள் தெருக்கோடியில் போய் வெடிப்பார்கள். எனக்குக் கொடுப்பது பாம்பு மாத்திரை.

"சத்தமில்லாதது. அதிராது. அவளுக்கு அதுதான் நல்லது" என்பார் அம்மா.

நானும் திண்ணையோரம் குத்தவைத்து உட்கார்ந்து, கருப்பு மாத்திரைகளை வரிசையாக வைத்துக் கொளுத்துவேன். பாம்பு நெளிந்து நெளிந்து எழுவதைப் பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். கரும்புகை கண்ணையும் தொண்டையையும் ஒருசேரப் பிடிக்கும். சத்தத்துக்கு நெஞ்சு அதிர்ந்துதான் இழுப்பு வருகிறது என்பது வீட்டின் நம்பிக்கை. அதனால் வெடிச்சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து என்னை உட்காரவைத்தார்கள். புகை எங்கே அதிகம் என்று யாரும் பார்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோது அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது. 2016இல் புனே நகரின் செஸ்ட் ரிசர்ச் பவுண்டேஷனும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து, பிள்ளைகள் வழக்கமாகக் கொளுத்தும் ஆறு வகைப் பட்டாசுகளை எடுத்து, பிள்ளைகள் வழக்கமாக நிற்கும் தூரத்திலேயே கருவியை வைத்து நுண்துகளை அளந்திருக்கிறார்கள். பிஎம் 2.5 எனப்படும் அந்தத் துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போகும். அளவீட்டில் முதலிடம் பாம்பு மாத்திரைக்கு. ஒரு கனமீட்டர் காற்றில் 64,500 மைக்ரோகிராம் என்ற உச்சம். ஆயிரம் வாலா சரத்துக்கு 38,540. கம்பி மத்தாப்புக்கு 10,390. சங்கு சக்கரத்துக்கு 9,490. ஆறிலும் குறைந்தது புஸ்வாணம், 4,860.

நாள் முழுவதுக்குமான சராசரியாக இந்திய அரசு அனுமதிக்கும் அளவு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. புனேயில் அளந்தது கணநேர உச்சம், இந்த வரம்புகள் ஒரு நாள் சராசரி. அதனால் ஒன்றை ஒன்றால் வகுத்து இத்தனை ஆயிரம் மடங்கு என்று பதறுவது சரியில்லை. ஆனால் ஒரு பிள்ளை பத்துப் பதினைந்து மாத்திரையை ஒன்றன்பின் ஒன்றாக, குனிந்தபடி, முகத்துக்கு நேரே கொளுத்தும்போது அந்த உச்சம் அவள் நெஞ்சுக்குள்தான் போகிறது.

எங்கள் வீட்டை மட்டும் சொல்லிப் பயனில்லை. சட்டமும் நெடுநாள் சத்தத்தையே அளந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999இல் விதி வந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னதும் ஒலி மாசு வழக்கில்தான். காது கேட்டதைச் சட்டம் பிடித்தது. நுரையீரல் வாங்கியது கணக்கில் வர இன்னும் பத்தாண்டு ஆனது.

கல்யாணப் பேச்சு தொடங்கிய காலத்தில்தான் மதுரையில் ஒரு நெஞ்சக மருத்துவரைப் பார்த்தோம். அவர் ஒரு தாளில் குழாய் படம் வரைந்து விளக்கினார். இழுப்பு இல்லாத நாளிலும் இந்த மூச்சுக்குழாயின் உட்சுவர் லேசாக வீங்கித்தான் இருக்கும். புகையோ தூசியோ பட்டால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி அடைபடும். கந்தகம் எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடு மற்றவர்களுக்கு இருமலோடு போய்விடும். ஆஸ்துமாக்காரருக்குச் சில நிமிடங்களிலேயே குழாயைச் சுருக்கிவிடும். "மூக்கு அடைச்சு வாயால மூச்சு விட்டீங்கன்னா இன்னும் ஆழமாப் போகும்மா" என்றார். அதுவரை என்னிடம் யாரும் பட்டாசுப் புகையைப் பற்றிக் கேட்டதில்லை. அவர்தான் முதலில் கேட்டார். எந்த ஊர் என்றும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், ஊர் வழக்கில் பம்பு. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பம்பு பழகினால் விடமுடியாது, அது கடைசிக் கட்டத்துக்காரருக்குக் கொடுப்பது என்பது ஊர்ப் பேச்சு. மருத்துவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும். பம்பை ஒருமுறை அடித்தால் 100 மைக்ரோகிராம், மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு, நேரே நுரையீரலுக்குப் போகும். இழுப்பு வந்தால் அடிக்கிற பம்பு ஒன்று. வராமல் தடுக்க தினமும் அடிக்கிற பம்பு இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம் என்றார்.

அம்மா வெளியே வந்ததும் கேட்டது ஒன்றுதான். "இதை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா என்ன தாயி சொல்றது?"

அந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் இன்றும் இருக்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கு மேல் நம்முடையவை. நோயை மறைப்பதும் கொல்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நான் புடவை மடிப்புக்குள் பம்பை ஒளித்துக்கொண்டு விருதுநகருக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமியாருக்குத் தெரிந்தபோது அவர் சொன்னது, "எங்க அக்காவுக்கும் இருந்துச்சு, இப்படி ஒரு பம்பு அப்ப இல்லாமப் போச்சே."

விருதுநகரில் வேறு புகை. கணவருக்குப் பலசரக்கு மண்டியில் கணக்கு வேலை. தெருவெங்கும் மிளகாய் வத்தல் மூட்டைகள். அந்த நெடியிலேயே பலருக்குத் தும்மல் நிற்காது. பங்குனி வந்தால் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல். விருதுநகர்க்காரருக்குத் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை அது. வெளியூரில் கடை வைத்தவர்கள், வடநாட்டில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அதற்கு ஊர் திரும்பிவிடுவார்கள். பொருட்காட்சி, ராட்டினம், கயிறுகுத்து. அக்கினிச்சட்டி எடுப்போரின் வரிசை இரவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்கும். சட்டியில் விறகுத் துண்டு, அதில் எண்ணெய், மேலே வேப்பிலை. மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாகப் பெண்கள் வெறுங்கையில் தீயைச் சுமந்து நடப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். பாதி பக்தி, பாதி புகை.

அந்தப் பங்குனியிலிருந்துதான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். அக்கினிச்சட்டிப் புகையும் புகைதான், ஆனாலும் மாலையில் காற்றோட்டமான அகலச் சாலையில் ஓரமாக நின்றால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சன்னல் சாத்திய பூஜையறையில் யாரோ அள்ளிப்போட்ட சாம்பிராணி ஒரு மணி நேரத்தில் படுக்கவைத்துவிட்டது. சாவு ஊர்வலத்தில் திறந்த ரோட்டில் போட்ட சரவெடியைத் தாண்டி வந்துவிட்டேன். சந்துக்குள் காதுகுத்து வீட்டில் கொளுத்திய ஒரே ஒரு சரம் நெபுலைசர் வைக்குமளவு கொண்டுபோனது. என்ன எரிகிறது என்பதோடு எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு கிட்டத்தில் என்பதையும் என் நெஞ்சு கணக்கெடுத்தது.

2018 பொங்கலுக்குச் சென்னையில் தம்பி வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் போகியென்றால் வீட்டை வெள்ளையடித்துக் காப்புக் கட்டுவதோடு சரி. சென்னையில் விடியுமுன்பே தெருத்தெருவாக எரித்தார்கள். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் ரெக்சினும் எரிகிற காலம். பனியும் புகையும் கலந்து அன்று காலை சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கமுடியாமல் திரும்பிப் போயின. தம்பி வீட்டுக் குளியலறையில் ஈரத்துண்டைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானத்துக்கே வழி தெரியாத காற்றில் நாலு வயதுப் பிள்ளைகள் போகிமேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் 2015இல் போட்ட வழக்கு. பட்டாசை அடியோடு தடை செய்ய நீதிமன்றம் மறுத்தது. ஆனால் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான், அதுவும் தீபாவளியன்று இரண்டே மணி நேரம் என்றது. தமிழ்நாட்டில் விடியற்காலையில்தானே தீபாவளி என்று அரசு முறையிட்டதும், நேரத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அன்றிலிருந்து அதுதான் நம் நேரம்.

பேரியம் இல்லாமல் கம்பி மத்தாப்பு எப்படி? சரவெடி இல்லாமல் அதைப் பின்னும் குடும்பங்கள் எப்படி? தீபாவளி முடிந்ததும் சிவகாசி ஆலைகள் கதவடைத்தன. நாள்கள் மாதங்களாயின. சித்தி மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் மனைவி என் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த பம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"டெல்லிக்காரப் பிள்ளைக்கு மூச்சு முட்டுனா எங்க பிள்ளை பட்டினி கிடக்கணுமா, மைனி?"

அவள் சரவெடி பின்னுகிறவள். விரலெல்லாம் திரி கட்டிய தழும்பு. டெல்லியின் காற்றுக்கு வண்டிப் புகையும், கட்டடத் தூசியும், பஞ்சாப் அரியானாவில் எரிக்கும் வைக்கோலும் காரணம் என்பதை அவள் டிவியில் கேட்டிருக்கிறாள். அது உண்மை. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு வேலை போகவில்லை, எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் தீபாவளி இரவில் சில மணி நேரத்துக்குள் காற்று கெட்டுப்போவதும் உண்மை. அந்தச் சில மணி நேரம் ஆஸ்துமாக்காரருக்கு ஆண்டில் மோசமான நேரம் என்பதற்கு நானே சாட்சி.

"டெல்லிப் பிள்ளை இல்லம்மா, நானே அந்தப் பிள்ளைதான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு ஆகாதுன்னு நாங்க செய்யாம இருக்க முடியுமா? நாங்க செஞ்சதை அவங்க அளவா வெடிச்சா என்னவாம்?" என்றாள். நீதிமன்றத்தில் பெரிய வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் வாதாடியதைவிட இதில் தெளிவு இருப்பதாக எனக்குப் பட்டது.

நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் கண்டுபிடித்த பசுமைப் பட்டாசு பிறகு சிவகாசிக்கு வந்தது. சியோலைட் போன்ற பொருளைச் சேர்த்து, எரியும்போது எழும் தூசியை அடக்குகிறார்கள். நுண்துகள் 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது கணக்கு. பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும். சித்தி மகனுக்கு வேலை திரும்பியது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பசுமை என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் புகையே வராது என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். முப்பது குறைந்தால் எழுபது மிச்சம். முன்பு ஒரு பெட்டி வெடித்த இடத்தில் இப்போது இரண்டு பெட்டி வெடித்தால் பழைய கணக்கையும் தாண்டிவிடும். பேரியத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உற்பத்தியாளர்கள் கேட்டதை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் மறுத்துவிட்டது.

இன்னொன்றும் மனதை அறுக்கும். காற்று மாசு என்று பேசும்போது கொளுத்துகிறவரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் மட்டும் நினைக்கிறோம். மருந்தைச் சலிக்கிற கை, கலக்கிற கை, செலுத்துகிற கை ஆண்டு முழுவதும் அந்தத் தூசியில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது, உள்ளே வேலை செய்தவர்களோடு காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் சேர்ந்து செத்தார்கள். அந்த ஊர்களில் இருமலோடு வரும் பெண்களிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிற மருத்துவர்கள் இன்னும் கூட வேண்டும். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது நான் முதலில் நினைத்தது இதைத்தான்.

இப்போது எனக்குத் தீபாவளி பயமில்லை. புரட்டாசி பிறந்ததும் மருத்துவரைப் பார்த்துத் தடுப்புப் பம்பின் அளவைச் சரிபார்த்துக்கொள்கிறேன். ஐப்பசியில் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாளும் நிறுத்துவதில்லை. தீபாவளியன்று காலை ஆறிலிருந்து எட்டரை வரை சன்னலைச் சாத்தி வைக்கிறேன். ஆறு மணிக்குச் சாத்துவதைவிட வெடித்து முடிந்தபின் திறக்காமல் இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் வெடி நின்றாலும் புகை நிற்கும். முகக்கவசம் போட்டால் என்95 வகை. அதுவும் தூசியைத் தடுக்குமே தவிரக் கந்தக வாயுவைத் தடுக்காது. பேரப்பிள்ளைகள் வெடிக்கட்டும் என்று நானே பெட்டி வாங்கித் தருகிறேன். ஆனால் தெருவில் கிடையாது. நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு என் மகன் கண்மாய்க் கரைப் பொட்டலுக்கு அழைத்துப் போகிறான். கூட்டாக ஓரிடத்தில் வெடியுங்கள் என்று அரசும் ஆண்டுதோறும் அறிவிப்பில் சொல்கிறது, அறிவிப்போடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு பேரூராட்சியும் ஒரு பொட்டலை ஒதுக்கி, தண்ணீர் லாரி ஒன்றை நிறுத்தினால் போதும்.

இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. அவர்களுக்கு யாரும் வழக்குப் போட்டு உத்தரவிடவில்லை. உங்களிடம் நான் அவ்வளவு கேட்கவில்லை. கேட்டால் என் சித்தி மகன் வீட்டில் அடுப்பு எரியாது.

சிவகாசிப் பட்டாசை வாங்குங்கள். பச்சை முத்திரை பார்த்து வாங்குங்கள். பாம்பு மாத்திரையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மத்தாப்பைப் பிள்ளை கையில் கொடுத்தால் முகத்துக்கு நேரே பிடிக்கவிடாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். சந்தில் வெடிக்காமல் திறந்த வெளிக்குப் போங்கள். இழுப்புள்ளவர்கள் பம்பை மறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போகும்போது, "உங்க வீட்ல யாருக்காவது வீசிங் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், பட்டாசை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு நாலு தெரு தள்ளி நடந்து போங்கள்.